ஒரு மில்லிமீற்றர் கூடினால் கல்லடிப் பாலம் மங்கிவிடும்

இரவில் மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று, பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் புதிய கமராவில் பூட்டிக் கல்லடிப் பாலத்து விளக்குகளைப் பார்க்கிறீர்கள். குவிய வளையத்தை, வெகுதூரத்துக்கான முடிவிலிக் குறி வரை திருப்பியாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு விளக்கும் புள்ளியாகாமல் சிறு தட்டாகவே தெரிகிறது. வளையம் அதற்கு மேல் நகராது. லென்ஸ் பழுது என்று பலர் அந்த இடத்திலேயே முடிவுகட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் பிழை லென்ஸில் இல்லை, லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டிய அடப்டரில்தான்.

லென்ஸ் வந்து அமரும் உலோக முகத்துக்கும் சென்சருக்கும் இடையிலுள்ள தூரத்தை பிளாஞ்ச் தூரம் என்பார்கள். ஒவ்வொரு கமரா இனத்துக்கும் அது ஒரு மாறா அளவு. பிலிம் கால எஸ்எல்ஆர்களில் ஒளியைத் தெறிப்பிக்கும் கண்ணாடி ஒன்று மேலெழுந்து இறங்க இடம் வேண்டியிருந்ததால் அந்தத் தூரம் பெரிது: நிக்கன் எஃப் 46.5 மி.மீ., எம்42 திருகு வகை 45.46, மினோல்டா எம்டி 43.5, கெனன் எஃப்டி 42. மிரர்லெஸ் கமராவில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி ஈ 18 மி.மீ., கெனன் ஆர்எஃப் 20, நிக்கன் இசட் 16. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடப்டர். எம்42 லென்ஸைச் சோனியில் பூட்ட 45.46 இலிருந்து 18 ஐக் கழியுங்கள், 27.46 மி.மீ. தடிப்புள்ள அடப்டர் வேண்டும். எஃப்டியை நிக்கன் இசட்டில் பூட்ட 26 மி.மீ. அடப்டருக்குள்ளே வில்லைக் கண்ணாடி எதுவும் தேவையில்லை, ஆகவே படத்தின் தரமும் குறையாது.

தெறிப்புக் கண்ணாடி உள்ள டிஜிட்டல் கமராவான டிஎஸ்எல்ஆர் வைத்திருப்போருக்குக் கணக்கு இவ்வளவு தாராளமாக அமையாது. கெனன் ஈஎஃப் 44 மி.மீ. என்பதால் எம்42 லென்ஸுக்கு 1.46 மி.மீ. இடம் மிஞ்சுகிறது, மெல்லிய வளையம் ஒன்று போதும். நிக்கன் எஃப் உடலில் அதே லென்ஸை வைக்கப் போனால் வளையத்துக்கு இடமே இல்லை, 1.04 மி.மீ. குறைகிறது. வெறும் வளையத்தால் பூட்டினால் லென்ஸ் அவ்வளவாவது முன்னே தள்ளி நிற்கும். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரிந்த வில்லைக் கணக்குத்தான் இது: குவியத்தூரத்தின் வர்க்கத்தை, கூடிப்போன தூரத்தால் வகுத்தால் கூர்மை எவ்வளவு தூரத்தில் முடிகிறது என்பது ஏறத்தாழ வரும். 50 மி.மீ. லென்ஸுக்கு 2500 ஐ 1.04 ஆல் வகுக்க 2400 மி.மீ. வருகிறது. அதாவது இரண்டரை மீற்றருக்கு அப்பால் எதுவும் தெளியாது. அறைக்குள் முகம் எடுக்கலாம், பாலத்தை எடுக்க முடியாது. இதைச் சரிக்கட்டவென்று நடுவில் சிறு வில்லைக் கண்ணாடி வைத்த அடப்டர்களும் விற்கிறார்கள். அந்தக் கண்ணாடி மலிவானதாக இருந்தால் லென்ஸின் ஒளித்துவாரத்தை முழுதாகத் திறந்து எடுக்கும் படத்தில் மென்மையும் ஒளிக்கசிவும் வந்துவிடும். வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மிரர்லெஸ்ஸிலும் அடப்டர் சரியான தடிப்பில் இருக்கவேண்டும். வெறும் 0.1 மி.மீ. கூடிவிட்டால் 135 மி.மீ. லென்ஸ் 180 மீற்றர் வரை தெளிவாகக் காட்டும், 50 மி.மீ. லென்ஸ் 25 மீற்றர் வரைதான், 28 மி.மீ. லென்ஸ் எட்டு மீற்றரோடு நின்றுவிடும். அகலக் கோண லென்ஸைத்தான் அடப்டர் பிழை முதலில் காட்டிக்கொடுக்கிறது. இதனால் நல்ல தயாரிப்பாளர்களே அடப்டரை வேண்டுமென்று இம்மியளவு மெல்லியதாகக் கடைகிறார்கள். மெல்லியதானால் முடிவிலிக் குறிக்குச் சற்று முன்பே தூரம் தெளிந்துவிடும். வளையத்தில் பொறித்த மீற்றர் எண்களை நம்ப முடியாது என்பதைத் தவிரப் பெரும்பாலான லென்ஸுகளுக்கு வேறு தீங்கில்லை. குவியம் மாறும்போது உட்கண்ணாடிகளில் சில தனியாக நகரும்படி அமைந்த அகலக் கோண லென்ஸுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் மூலைகள் கெடும்.

சோதிக்கும்போது லென்ஸை முழுதாகத் திறந்துவைத்துச் சோதியுங்கள். துவாரத்தைச் சுருக்கிய எஃப் 8 இல் கால் மில்லிமீற்றர் பிழைகூட மறைந்துபோகும். அகலத் திறந்த எஃப் 2 இல் 0.06 மி.மீ. பிழையே வெளியில் தெரியும். நிலவு நல்ல இலக்கு. வாவிக்கு மறுகரையில் எரியும் தெருவிளக்கும் நல்லது. பகல் வெயிலில் வாவிக்கு மேலே காற்று அலைந்துகொண்டே இருக்கும். பாலமீன்மடு வெளிச்சவீட்டை நண்பகலில் பார்த்துச் சோதித்தால் லென்ஸின் பிழையா காற்றின் பிழையா என்று பிரித்தறிய முடியாது. கமராவை முக்காலியில் நிறுத்தித் திரையைப் பெருக்கிக்கொண்டு வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். கடைசி முட்டு வரும்வரை படம் தெளிந்துகொண்டே போய் நின்றால் அடப்டர் தடிப்புக் கூட. முட்டுக்கு முன்பே தெளிந்து, பிறகு மீண்டும் மங்கினால் மெல்லியது.

தடிப்பை நேரடியாக அளக்கவும் செய்யலாம். பாடசாலை ஆய்வுகூடத்து நுண்மானித் திருகுக்கணிச்சி பொதுவாக 25 மி.மீ. வரைதான் அளக்கும், 27.46 அதற்குள் வராது. டிஜிட்டல் இடுக்கிமானி போதும். லென்ஸ் அமரும் முகத்திலிருந்து கமராவைத் தொடும் முகம் வரை அளக்கவேண்டும், பூட்டும் பற்களின் நுனி வரை அளந்தால் கணக்குப் பிழைக்கும். சுற்றிவர நாலு இடத்தில் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 27.40, எதிர்ப்பக்கத்தில் 27.48 என்று வந்தால் அடப்டர் சாய்ந்திருக்கிறது. படத்தின் இடது ஓரம் தெளிந்து வலது ஓரம் மங்குவது இதனால்தான்.

மெல்லிய அடப்டரைத் திருத்துவது எளிது. பலவற்றில் கமராப் பக்கத் தட்டை நாலு சிறு திருகாணிகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றி, குளிர்பான அலுமினிய டின்னின் சுவரிலிருந்து வெட்டிய வளையத்தை இடையில் வைத்துப் பூட்டினால் ஏறத்தாழ 0.1 மி.மீ. கூடும். வெட்டிய விளிம்பில் பிசிறு நின்றால் அதுவே சாய்வைக் கொண்டுவரும், நுண்ணிய எமரித்தாளில் தேய்த்துவிடுங்கள். கடதாசி வைக்காதீர்கள், அமுங்கும், நம்மூர் ஈரத்தில் ஊதும். தடித்த அடப்டரை வீட்டில் தேய்த்துக் குறைக்கப் போனால் சமதளம் கெடும், மாற்றி வாங்குவதே மேல். மாற்ற வழியில்லாவிட்டால் லென்ஸின் வளையம் வந்து முட்டி நிற்கும் இடத்தை நகர்த்தலாம். ஹீலியோஸ் 44-2 போன்றவற்றில் குவிய வளையத்தைச் சுற்றி மூன்று சிறு திருகாணிகள் உண்டு. அவற்றைச் சற்றுத் தளர்த்தி, நிலவைத் தெளிவாக்கி, வளையத்தை மட்டும் முடிவிலிக் குறிக்குக் கொண்டுவந்து இறுக்கவேண்டும். பழைய ஜப்பானிய லென்ஸின் திருகாணிகளுக்குச் சாதாரண நட்சத்திரத் திருப்புளி பொருந்தாது, வழுக்கித் தலையை அரித்துவிடும். ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர வகைத் திருப்புளி வேண்டும்.

பூட்டியதும் ஷட்டர் அழுந்தாவிட்டால் பயப்படத் தேவையில்லை. லென்ஸில் மின் தொடர்பு இல்லாததால் கமரா தன்னிடம் லென்ஸே இல்லை என்று எண்ணுகிறது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க அனுமதிக்கும் தெரிவை இயக்குங்கள். உடலில் அதிர்வு தடுக்கும் வசதி இருந்தால் குவியத்தூரத்தைக் கையால் பதியவேண்டும். 135 மி.மீ. பூட்டிவிட்டு முன்பு பதிந்த 28 இலேயே விட்டால் திருத்தம் போதாது. 28 ஐப் பூட்டி 135 என்று விட்டால் தேவைக்கு மேல் திருத்திப் படத்தையே ஆட்டிவிடும்.

எம்42 லென்ஸின் பின்புறத்தில் சிறு ஊசி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால்தான் துவார இதழ்கள் மூடும். அடப்டரின் உட்புறத்தில் விளிம்பு இருந்தால் அது ஊசியை அழுத்திப் பிடிக்கும். இல்லாவிட்டால் வளையத்தில் எஃப் 8 வைத்தாலும் லென்ஸ் முழுதாகத் திறந்தே நிற்கும், எந்த எண் வைத்தாலும் படத்தில் தெளியும் ஆழம் மாறாது. லென்ஸில் ஏ, எம் என்ற சுவிட்ச் இருந்தால் எம்மில் வைத்து இதைத் தவிர்க்கலாம். நிக்கன் ஜி வகையில் துவார வளையமே இல்லை, அதற்குத் தனி வளையம் உள்ள அடப்டர் பார்த்து வாங்கவேண்டும். ஜூபிட்டர் 12 போன்ற சில லென்ஸுகளின் பின் கண்ணாடி வெகுதூரம் உள்ளே நீளும். பூட்டுமுன் கட்டாயம் அளந்து பாருங்கள், ஷட்டரில் முட்டினால் திருத்தச் செலவு லென்ஸின் விலையைத் தாண்டும்.

கூத்து எடுப்போருக்கு இந்த லென்ஸுகள் மிகவும் உதவும். களரியில் ஆடுவோர் வட்டத்திலே வருவதால், தானியங்கிக் குவியம் இல்லாதது பெரிய குறையாகாது. 50 மி.மீ. லென்ஸை எஃப் 2 இல் ஐந்து மீற்றருக்கு நிறுத்தினால், முழுச்சட்டக சென்சரில் ஏறத்தாழ நாலரை மீற்றரிலிருந்து 5.7 மீற்றர் வரை தெளிவு கிடைக்கும். ஆடுபவர் அந்த இடைவெளிக்குள் சுழன்று வரும்போது அழுத்துங்கள். அடப்டரின் உட்சுவர் பளபளத்தால் எதிரே எரியும் விளக்கின் ஒளி அதில் பட்டுத் தெறித்துப் படம் முழுக்க வெளிறும். உள்ளே கறுப்பு வெல்வெட் துணிப்பட்டி ஒட்டினால் வித்தியாசம் அன்றிரவே தெரியும்.

பழைய லென்ஸ் வாங்கும்போது பின்பக்கமிருந்து டோர்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்திருந்தால் பூஞ்சணம். நீண்டநாள் இருந்தால் அது கண்ணாடியின் பூச்சை அரித்துத் தழும்பு வைத்துவிடும், துடைத்தாலும் போகாது. மார்கழி மழையில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வீடுகளில் தோல் உறைக்குள் லென்ஸை வைத்திருப்பது பூஞ்சணத்தை வளர்ப்பதற்குச் சமம். இறப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் 200 கிராம், சிறு ஈரமானி ஒன்று, இவ்வளவும் போதும். ஈரப்பதன் 40 க்கும் 50 க்கும் இடையில் நிற்கட்டும். மணிகள் செம்மஞ்சள் மாறிக் கரும்பச்சையானால் 120 பாகை அவணில் இரண்டு மூன்று மணிநேரம் காயவைத்து, நன்றாக ஆறிய பிறகு மீண்டும் பெட்டிக்குள் போடலாம். அரிசிக்குள் புதைக்காதீர்கள், அதன் தூள் குவிய வளையத்தின் கிரீஸோடு சேர்ந்து அரைக்கும்.