டொலர் வரவில்லை தம்பி, ரூபாய்தான் வந்தது

இந்த மாதமும் ஒருவர். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இலங்கையில் வீட்டிலிருந்தே இணையத்தளம் செய்துகொடுப்பவர், நல்ல உழைப்பாளி. வீட்டுக்கடனுக்கு வங்கி வருமான ஆதாரம் கேட்டதும் கணக்குப் பார்க்கும் என்னிடம் ஓடி வந்தார். உழைத்ததெல்லாம் உண்டியலில் வந்திருக்கிறது, அதாவது டொலரை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டு இங்கே ஆள் மூலம் ரூபாய் தரும், வங்கிக்கு வெளியேயான வழியில். ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்?

கேட்டால், "2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டு வருமானத்தில் 15 வீதம் வரி வெட்டுகிறார்களே" என்கிறார். வங்கியில் டொலர் விழுந்தவுடன் யாரும் வெட்டுவதில்லை ஐயா. 15 என்பது உச்ச வீதம். மாதம் மூன்று லட்சம் ரூபாய், வேறு வருமானம் இல்லை என்று வைப்போம். வருடத்துக்கு 36 லட்சம். முதல் 18 லட்சத்துக்கு வரியே கிடையாது. அடுத்த 10 லட்சத்துக்கு 6 வீதம், 60,000. மிச்ச 8 லட்சத்துக்கு 15 வீதம், 120,000. மொத்தம் 180,000, அதாவது வருமானத்தில் 5 வீதம். 15க்கு மேல் ஏறாத இந்தச் சலுகை வங்கி வழியாக நாட்டுக்குள் வந்த பணத்துக்கு மட்டும்தான். உண்டியலில் எடுத்தால் 36 வீதம் வரை ஏறும் சாதாரண வரி வீதங்கள். அதே ஆளுக்கு 222,000. வரிக்குப் பயந்து கூடிய வரிக்குள் போய் விழுகிறார்கள்.

சரி, அடுத்த வாதம்: "எப்படி வந்தாலும் காசு நாட்டுக்குள் வந்ததுதானே?" வரவில்லை. உங்கள் டொலர் வெளிநாட்டில் உண்டியல்காரரிடமே நின்றுவிட்டது. உங்கள் கைக்கு வந்தது ஏற்கனவே இங்கே இருந்த ரூபாய். அந்த டொலரைக் கொண்டு ஒரு போத்தல் மருந்துகூட நாடு இறக்குமதி செய்ய முடியாது. 2021இல் மத்திய வங்கி டொலரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்தபோது உண்டியலில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தக் கொள்கைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனால் 2020இல் 7.1 பில்லியன் டொலராக இருந்த, வெளிநாட்டில் வேலை செய்யும் நம்மவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணம் 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. (உங்கள் உழைப்பு அந்தக் கணக்கில் வராது, சேவை ஏற்றுமதியில் சேரும். ஓட்டை ஒன்றுதான்.) எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோமே, மறந்துவிட்டதா? 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட, அதாவது டொலர் விலையைச் சந்தையிடம் விட்ட பிறகு அந்த விலை இடைவெளி சுருங்கிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை.

முன்பின் தெரியாதவர் உங்கள் கணக்கில் போடும் ரூபாய் போதைப்பொருள் பணமாக இருந்தால், பொலிஸில் விளக்கம் சொல்லப்போவது நீங்கள்தான். வெளிநாட்டு நாணயக் கணக்கொன்று திறவுங்கள். பில், ஒப்பந்த மின்னஞ்சல் எதையும் அழிக்காதீர்கள். வேலைக்கான இணையக் கட்டணத்தைக்கூடச் செலவாகக் கழிக்கலாம், ரசீது இருந்தால். வரி விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. தயவுசெய்து 29ஆம் திகதி இரவு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.