லிடியாவின் முகத்தில் கரி பூசியது யார்?

ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டில் முதல் டிராகனைக் கொன்றுவிட்டு வைட்ரன் கோட்டைக்குத் திரும்பினால், அந்தச் சீமையின் தலைவர் பால்குரூஃப் ஒரு கோடாலியையும் கூடவே ஒரு மெய்க்காவலரையும் தருவார். மெய்க்காவலரின் பெயர் லிடியா. பலமுறை ஆடிய ஆட்டம் என்பதால் இந்த இடத்தில் நான் நிற்பதே இல்லை, பார்க்காமல் கடந்துவிடுவேன். இந்த முறை நின்றுவிட்டேன். கை சரியாக இருந்தது, கழுத்தும் சரியாக இருந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் அடுப்புக்கரியை அள்ளி அப்பியது போல ஒரு சாம்பல் நிறம்.

அன்று மாலைதான் இரண்டு ‘மாட்’ போட்டிருந்தேன். ஆட்டத்தில் இருப்பதை மாற்ற நாமாகச் சேர்த்துக்கொள்ளும் கோப்புகளின் தொகுப்புதான் மாட். ஒன்று ஊர்மக்களின் முகங்களைத் திருத்தி அழகாக்குவது. இன்னொன்று வைட்ரன்காரர்களுக்குப் புது உடை கொடுப்பது. தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. உடை மாட்டில் முகம் சம்பந்தப்பட்ட கோப்பு ஒன்றுகூட இல்லை, திறந்தே பார்த்தேன். பிறகு எப்படி?

இதற்குப் பதில் சொல்ல, மாட் போட்டவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பெதஸ்தா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட ஆட்டம் இது. அடுத்த பிப்ரவரியிலேயே கிரியேஷன் கிட் என்ற கருவியை இலவசமாக ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். மாற்றங்களை ஏற்கும்படிதான் ஆட்டத்தின் அடித்தளமே அமைந்திருக்கிறது. டேட்டா என்ற ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு வகைச் சரக்கு கிடக்கும். ஒன்று பதிவேடு, அதாவது பிளக்கின். அதற்குள் படம் எதுவும் இருக்காது. ‘லிடியா, பெண், நார்டு இனம், இந்த முடி, இந்தப் புருவம், இந்த உடை, இவ்வளவு பலம்’ என்கிற மாதிரி விவரங்கள் மட்டும்தான். மற்றது பண்டம்: முப்பரிமாண உருவங்கள், அவற்றின்மேல் ஒட்டும் தோல் படங்கள், ஒலிகள். பெரும்பாலான மாட்களில் இரண்டும் கலந்து வரும்.

ஒரே விஷயத்தில் இரண்டு மாட் கை வைத்தால் யார் பேச்சு எடுபடும்? கடைசியாக வந்தவர் பேச்சுதான். சுவரில் போஸ்டர் ஒட்டுவது போலத்தான் இது. நேற்று ஒட்டிய சினிமா போஸ்டர் மேல் இன்று கண்ணீர் அஞ்சலி ஒட்டினால் தெருவில் போகிறவருக்கு அஞ்சலிதான் தெரியும். அடியில் சினிமா இருக்கிறது, ஆனால் இருந்து என்ன பயன்? பிளக்கின்கள் எந்த வரிசையில் ஏறுகின்றன என்பதைத்தான் லோட் ஆர்டர் என்கிறோம்.

புதிதாக மாட் போடுகிறவர்கள் பலர் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. போஸ்டர் பாதியாகக் கிழியாது. ஒரு வாளின் பெயரை மட்டும் மாற்ற நினைக்கும் மாட், அந்த வாளின் பதிவை முழுதாக நகலெடுத்து, அதில் பெயரைத் திருத்தி வைத்திருக்கும். எடை, விலை, வெட்டும் பலம் எல்லாம் பழையபடியே அந்த நகலில் இருக்கும். பலத்தைக் கூட்டும் வேறொரு மாட் அதற்கு முன்னால் ஏறியிருந்தால், கூட்டிய பலம் போய்ப் பழைய பலம் திரும்பிவிடும். பெயர் மாற்றியவருக்குப் பலத்தைக் குறைக்கும் எண்ணமே இல்லை. அவர் தன் நகலைக் கொண்டுவந்து ஒட்டினார், அவ்வளவுதான்.

பதிவேட்டுப் போட்டி இப்படி. பண்டங்களுக்கு நடப்பது வேறொரு போட்டி, அதன் விதிகளும் வேறு. உருவங்களும் படங்களும் பிஎஸ்ஏ என்ற கட்டுக்குள் பொதிந்து வரலாம், அல்லது கட்டாமல் தனிக் கோப்பாக வந்து ஃபோல்டரில் உட்காரலாம். கட்டுக்குள் இருப்பவை தங்கள் பிளக்கினின் வரிசைப்படி ஒன்றையொன்று மூடும். ஆனால் தனிக் கோப்பு எந்தக் கட்டையும் மிஞ்சிவிடும். பிளக்கின் வரிசையில் அதன் மாட் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. தனிக் கோப்பும் தனிக் கோப்பும் மோதினால் கடைசியாக எழுதப்பட்டது நிற்கும்.

ஆக, ஒரே மாட் ஒரு போட்டியில் ஜெயித்து இன்னொன்றில் தோற்கலாம். என் அனுபவத்தில், ‘எல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் வேலை செய்யவில்லை’ என்ற புலம்பல்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் வந்து முடிகின்றன.

இனி லிடியாவுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான ஆட்களின் முகங்களை ஆட்டம் ஓடும்போது ஒவ்வொன்றாகச் செதுக்கிக்கொண்டிருந்தால் கணினி திணறிப்போகும். அதனால் ஒவ்வொருவர் முகத்தையும் முன்கூட்டியே வார்த்து, ஃபேஸ்ஜென் என்ற ஃபோல்டருக்குள் அவரவர் அடையாள எண்ணையே பெயராகக் கொண்ட கோப்பாக வைத்துவிடுகிறார்கள். லிடியா திரையில் வரும்போது ஆட்டம் இரண்டு இடத்தில் கேட்கும். ‘இவருக்கு என்ன முடி, என்ன புருவம், என்ன கண்?’ என்று பதிவேட்டைக் கேட்கும். ‘வார்த்த முகம் எங்கே?’ என்று ஃபோல்டரைக் கேட்கும். இரண்டு பதிலும் ஒத்துப்போக வேண்டும். பதிவேடு ஒரு முடியைச் சொல்லி, வார்ப்பில் வேறு முடி இருந்தால், தோலின் நிறத்தை முகத்தில் ஏற்றும் வேலை குழம்பி, கரி பூசிய முகம் வந்து நிற்கும்.

என் வீட்டில் நடந்தது இதுதான். உடை மாட் லிடியாவின் உடையை மாற்ற அவருடைய பதிவை முழுதாக நகலெடுத்திருந்தது. பழைய முடி, பழைய புருவம் எல்லாம் அந்த நகலில் இருந்தன. வரிசையில் அது பின்னால் நின்றதால் பதிவேட்டுப் போட்டியில் அது ஜெயித்தது. முகக் கோப்பு இருந்ததோ அழகு மாட்டிடம் மட்டும், எனவே பண்டப் போட்டியில் அது ஜெயித்தது. சொல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது. கரி பூசியது இருவரும் இல்லை. வரிசையை அடுக்கிய நான்.

தீர்வு எளிதுதான். உடை முக்கியமில்லை என்றால் அழகு மாட்டைக் கடைசிக்கு இறக்கினால் போதும். இரண்டும் வேண்டுமென்றால் எக்ஸ்எடிட் என்ற கருவியில் லிடியாவின் பதிவைத் திறக்க வேண்டும். மூல ஆட்டம் சொல்வது, அழகு மாட் சொல்வது, உடை மாட் சொல்வது என்று பத்தி பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும், மோதும் இடங்களில் நிறமடிக்கும். முடியையும் புருவத்தையும் ஒன்றிலிருந்து, உடையை இன்னொன்றிலிருந்து எடுத்து மூன்றாவதாக ஒரு குட்டி பிளக்கின் செய்து எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தேன். 

கரி முகம் எரிச்சல்தான், ஆனால் ஆட்டம் ஓடும். முகப்புத் திரை வருவதற்குள் சத்தமில்லாமல் டெஸ்க்டாப்பில் கொண்டுவந்து போடுவது வேறு ஜாதி. அதற்குப் பெரும்பாலும் காரணம், ஒரு மாட் சார்ந்திருக்கும் இன்னொரு மாட் இல்லாதது. ஆட்டத்துக்குள் எல்லாவற்றுக்கும் எட்டு இலக்க எண் உண்டு. எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையைத் தட்டிக் கன்சோலை, அதாவது கட்டளை அடிக்கும் பெட்டியை, திறந்து ஓர் ஆளை க்ளிக் செய்தால் அவருடைய எண் திரையில் வரும். ஆடுகிற உங்களுடைய எண் 00000014. முதல் இரண்டு இலக்கம் அந்தப் பொருள் எந்த பிளக்கினிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும். மூல ஆட்டம் 00, அதன் திருத்தங்கள் 01, மூன்று விரிவாக்கங்கள் 02, 03, 04. மற்றவை அதன்பின் வரிசைப்படி.

ஒவ்வொரு பிளக்கினும் தன் தலைப்பில் ‘எனக்கு முன்னால் இன்னின்னார் இருக்க வேண்டும்’ என்று பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும். தனக்குள் குறிப்பிடும் எண்களை அந்தப் பட்டியலை வைத்துத்தான் எழுதியிருக்கும். ஆட்டம் தொடங்கும்போது அவை உண்மையான வரிசை எண்களாக மாறும். பட்டியலில் உள்ள ஒருவர் வரவே இல்லையென்றால் அந்த எண்கள் எதையும் சுட்டாது. தந்தி வந்திருக்கிறது, விலாசத்தில் வீடே இல்லை. ஆட்டம் அங்கேயே சாய்ந்துவிடும். மாட்களை அடுக்க உதவும் மேலாளர் நிரல்கள் இதைச் சிவப்பு எச்சரிக்கையாகக் காட்டத்தான் செய்கின்றன. நாம்தான் படிப்பதில்லை.

இந்த எண்கள் பதினாறை அடிப்படையாகக் கொண்டவை. எனவே இரண்டு இலக்கத்தில் 256 இடம்தான் கிடைக்கும். கடைசி இடம் ஆட்டத்தின் நடுவே பிறக்கும் பொருள்களுக்கு. ஸ்பெஷல் எடிஷன் என்ற பிந்தைய பதிப்பில் அதற்கு முந்தைய இடமும் சிறு பிளக்கின்களுக்கான பொது அறையாகிவிட்டது. அந்த ஓர் அறைக்குள் 4096 சின்ன பிளக்கின்கள் வரை அடங்கும். பெரியவற்றுக்கு மிச்சம் 254. அந்த எல்லையைத் தாண்டிவிட்டு ஆட்டத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. நானும் திட்டியிருக்கிறேன்.

அடுத்தது, நேற்றுவரை ஓடியது இன்று ஓடாமல் போவது. பல பெரிய மாட்கள் எஸ்கேஎஸ்ஈ என்ற துணை நிரலை நம்பியிருக்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நினைவகத்துக்குள் இது நுழைந்து, பெதஸ்தா வெளியே காட்டாத வேலைகளைத் தொட வழி செய்கிறது. நுழைய வேண்டுமென்றால் எந்த வேலை எந்த முகவரியில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு புதுப்பிப்பு வந்தால் முகவரிகள் எல்லாம் நகர்ந்துவிடும். பழைய கதவு எண், புதிய கதவு எண் குழப்பத்தில் தபால்காரர் படுகிற பாடுதான். அட்ரஸ் லைப்ரரி என்ற மாட் இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் மாறாத அடையாள எண் கொடுத்து, எந்தப் பதிப்பில் அது எந்த முகவரியில் இருக்கிறது என்ற அட்டவணையைத் தருகிறது.

2021 நவம்பர் 11 அன்று, ஆட்டத்தின் பத்தாவது பிறந்தநாள் புதுப்பிப்பில், அட்டவணையாலும் சமாளிக்க முடியவில்லை. ஆட்டத்தின் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரே 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 2019க்கு மாறியது. முகவரி மட்டுமா மாறியது, வீடுகளுக்குள் சுவர்களே இடம் மாறிவிட்டன. சில வேலைகள் வேறு வேலைகளோடு கரைந்துபோயின. எஸ்கேஎஸ்ஈயை நம்பிய மாட்களைப் பலர் புதிதாக எழுத வேண்டி வந்தது. 1.5.97 என்ற பழைய பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஆடியவர்கள் ஏராளம். எனவே யாராவது ‘கிராஷ் ஆகிறது’ என்று வந்தால் நான் முதலில் கேட்பது ஆட்டத்தின் பதிப்பு எண்ணைத்தான்.

ஊதா நிறத்தில் பளபளக்கும் பாறையையோ சட்டையையோ பார்த்தால் பயப்பட வேண்டாம். உருவம் கிடைத்தது, அதன்மேல் ஒட்டும் படம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். உருவமே கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி நிற்கும். ஆட்கள் கையை விரித்துக்கொண்டு சிலுவை போல மிதந்து வந்தால் அசைவுகளைத் தொகுக்கும் கருவியை ஓட்ட மறந்திருப்பீர்கள். ஊதாவுக்குப் பெரும்பாலும் காரணம் அற்பமானது. ஜிப்பை விரித்தபோது டேட்டாவுக்குள் இன்னொரு டேட்டா விழுந்திருக்கும். ஆட்டம் முதல் டேட்டாவின் கீழ் நேராகத்தான் தேடும். ஒரு படி ஆழத்தில் கிடப்பது அதன் கண்ணில் படாது.

குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டால்? 200 மாட்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது வேண்டாத வேலை. பாதியை அணையுங்கள். கோளாறு போய்விட்டால் அணைத்த பாதிக்குள் இருக்கிறது, போகாவிட்டால் மிச்சப் பாதிக்குள். மறுபடியும் பாதி. எட்டே சோதனையில் ஆள் சிக்கிவிடும். ஒன்றைச் சார்ந்த மற்றொன்றைப் பிரிக்காமல் சேர்த்தே அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன வீடில்லா விலாசக் கதை புதிதாகத் தொடங்கும். லிடியாவின் கேஸில் இந்த முறை என்னை நன்றாக அலைக்கழித்தது. குற்றவாளிகள் இரண்டு பேர், வெவ்வேறு பாதிகளில் இருந்தார்கள். எந்தப் பாதியை அணைத்தாலும் முகம் பளிச்சென்று வந்தது.

சோதனையைப் பழைய சேவில், அதாவது முன்பு ஆடிச் சேமித்து வைத்த ஆட்டத்தில், செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்களையும் அவற்றின் நிலையையும் சேவ் கோப்பு தனக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. மாட்டை எடுத்த பிறகும் அதன் மிச்சம் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். முகப்புத் திரையிலேயே கன்சோலைத் திறந்து ‘சிஓசி’ என்ற கட்டளையோடு ரிவர்வுட் என்று ஆங்கில எழுத்தில் அடித்தால், சேவே இல்லாமல் நேராக அந்தக் கிராமத்தில் போய் நிற்கலாம். அங்கிருந்து வைட்ரன் நடை தூரம்தான்.

அப்படித்தான் நடந்து போனேன். அரண்மனையில் லிடியாவின் முகம் சரியாகிவிட்டது, புது உடையும் இருந்தது. திரும்பி வரும்போது ஊர் வாசல் பக்கத்துக் கொல்லர் பட்டறையில் ஏட்ரியான் சம்மட்டியோடு நின்றார். கொல்லர் முகத்தில் கரி இருப்பது சகஜம்தானே என்று ஒரு கணம் கடந்துபோகப் பார்த்தேன். பிறகு கன்சோலைத் திறந்து அவர் மேல் க்ளிக் செய்தேன்.