கையால் உடைக்கும் பேனலும் கண்ணில் படாத விரிசலும்

சர்க்யூட் போர்டின் மேல் சின்னச் சின்ன மின்னணு பாகங்களைப் பொருத்தும் எஸ்எம்டி லைனில் வேலை பார்ப்பவர்களின் கவனமெல்லாம் சோல்டர் பேஸ்ட், அதைப் பூசும் ஸ்டென்சில் தகடு, அதை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பு என்றே போகும். நியாயம்தான். ஈயமில்லாத எஸ்ஏசி305 சோல்டர் 217 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது; வெப்பநிலை கொஞ்சம் பிசகினாலும் இணைப்பு சரியாக வராது. ஆனால் அடுப்பைத் தாண்டி நல்லபடியாக வந்த போர்டை, அதற்கடுத்த மேசையில் கெடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சின்ன போர்டுகளை ஒரே பேனலாகச் செய்து, நடுவில் வி வடிவக் கீறல் போட்டிருப்பார்கள். பாகங்களை ஒட்டி முடித்ததும் அந்தக் கீறலில் மடக்கிப் பிரிக்க வேண்டும். அவசரத்தில் அதை அப்பளம் உடைப்பது போல் கையாலேயே உடைக்கிறார்கள்.

போர்டு கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்தது. ஓரளவு வளைந்து கொடுக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் செராமிக் கெபாசிட்டர் (மின்தேக்கி) வளையாது. பேரியம் டைட்டனேட் அடுக்குகளும் உலோக அடுக்குகளும் மாறி மாறி அடுக்கிய கட்டி அது. போர்டு வளைந்தால் சோல்டர் அதன் இரு முனைகளையும் இழுக்கிறது. அடிப்பக்கத்தில், உலோக முனை முடியும் இடத்திலிருந்து சாய்வாக விரிசல் மேலேறுகிறது. 1206, 1210 போன்ற அளவுக் குறியீடு கொண்ட பெரிய கெபாசிட்டர்களுக்கு ஆபத்து அதிகம்.

விரிசல் பெரும்பாலும் உலோக முனைக்கு அடியிலேயே மறைந்துவிடும். போர்டைத் தானாகப் படம் பிடித்துச் சோதிக்கும் ஏஓஐ கேமரா கண்டுபிடிக்காது, எக்ஸ்ரேயும் பல நேரம் தவறவிடும். மின்தேக்கு அளவும் பெரிதாக மாறாது என்பதால் டெஸ்டிங்கில் போர்டு பாஸ். அப்புறம் பயன்பாட்டில் ஈரம் உள்ளே இறங்கி, எதிரெதிர் அடுக்குகளுக்கு இடையே மின்சாரம் கசியத் தொடங்கி, ஒருநாள் ஷார்ட் ஆகிறது. பேட்டரியோ 24 வோல்ட் சப்ளையோ நேராக வரும் இடமாக இருந்தால் போர்டே கருகிவிடும். கருகினால் ஆதாரமும் போச்சு. உடனே 'கெபாசிட்டர் குவாலிட்டி சரியில்லை' என்று பழி சப்ளையர் மேல் விழும். கருகாத ஒன்று கிடைத்தால் ரெசினில் பதித்து, குறுக்குவெட்டு தெரியும்வரை தேய்த்துப் பாருங்கள். விரிசல் சுமார் 45 டிகிரி சாய்வில் இருந்தால் போர்டு வளைந்ததால் வந்தது என்று நம்பலாம்.

வட்ட பிளேடு வைத்துப் பிரிக்கும் சின்ன மெஷின் பெரிய செலவில்லை. சுழலும் வெட்டுமுனையால் அறுத்துப் பிரிக்கும் ரவுட்டர் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. டிசைன் செய்பவர்கள் கெபாசிட்டரைக் கீறலிலிருந்து தள்ளி வைக்கலாம். ஓரத்தில்தான் இடம் என்றால் அதன் நீளப் பக்கம் கீறலுக்கு இணையாக இருக்கட்டும். குறுக்கே வைத்தால் முழு இழுப்பும் அதன்மேல்தான். முனையில் நெகிழும் ரெசின் அடுக்கு உள்ள கெபாசிட்டர்களும் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனாலும் சப்ளை நுழையும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பேனல் மட்டுமே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். சமமில்லாத தகட்டில் ஸ்க்ரூ முறுக்குவதும், தாங்கல் இல்லாமல் கனெக்டரை அழுத்திச் செருகுவதும் இதே வேலையைச் செய்யும்.

சர்வீஸ் செய்பவர்கள் ஓரத்தில் ஒரு கெபாசிட்டர் ஷார்ட் ஆகியிருக்கக் கண்டால், அதே வரிசையில் உள்ள மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கழற்றியதைத் திரும்பப் பொருத்த வேண்டாம்.