கராஜை அறையாக்க முதல் டேப்பைப் பிடிங்க

மட்டக்களப்புக் கல்லடியில ஒரு வீடு. கராஜை அம்மாவுக்கு அறையாக்கி பெயின்ட்டும் அடிச்சு முடிச்ச பிறகுதான் என்னைக் கூப்பிட்டாங்க, வழமைதானே. பிரச்சினை என்னெண்டா, மகன் சேட்டைக் கழட்டக் கையத் தூக்கினா பேன் இலை விரல்ல அடிக்குது.

கணக்கைப் பாருங்க. பிளேட், அதாவது கொங்கிறீட் கூரை, 8 அடி 6 இஞ்சி உயரத்துல இருந்திருக்கு, மாரி மழைக்குத் தண்ணி ஏறுமெண்டு தரையை 9 இஞ்சி உசத்தி, அதுக்கு மேல சாந்தும் டைல்ஸும் 2 இஞ்சி, மிச்சம் 7 அடி 7. மறுகா வயரை மறைக்க சீலிங் அடிச்சதுல இன்னொரு 6 இஞ்சி போய் 7 அடி 1. பேன் அதுலயிருந்து ஒரு அடி தொங்குது. மேசன், டைல்ஸ்காரர், சீலிங்காரர் எல்லாரும் அவங்கவங்கட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்காங்க, கூட்டிக் கழிச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல.

"மூத்தவன் லண்டன்ல இருந்து சொன்னான் தம்பி, அங்க 2.3 மீற்றர் காணுமாம்" எண்டாங்க அம்மா. அவர் சொன்னது பிழையில்ல, இங்கிலாந்து அளவு அதுதான், ஆனா அது புதுசா உருவாக்கிற வீட்டுக்கு, உள்பரப்புல 75 வீதமாவது அந்த உயரம் இருக்கோணும். ஒராள் படுக்கிற அறைக்கு 7.5 சதுர மீற்றரும் 2.15 மீற்றர் அகலமும் வேற கேப்பாங்க. ஒபிஸை வீடாக்கினாலும் 2021 ஏப்ரல்ல இருந்து இதேதான்.

அதெல்லாம் குளிர் நாட்டுக் கணக்கு. இங்க கச்சான் காத்து அடிக்கிற நாளையில பிளேட் பகல் முழுக்கக் குடிச்ச சூட்டை ராவுல கக்கும், பதிவான அறையில அது படுத்திருக்கிற ஆள்ட நெஞ்சுலதான் இறங்கும். அதோட ஷட்டர் இருந்த இடத்தைக் கல்லு வெச்சு அடைச்சு சின்ன யன்னல் ஒண்டு, எதிர்ப் பக்கம் ஒண்டுமில்ல. காத்து எங்கால போறது?

மாநகர சபையில ப்ளானும் குடுக்கல்ல. "எங்கட வீடுதானே" எண்டாங்க. வாகனம் விடக் கட்டினதை ஆள் படுக்கிற இடமாக்கினா அதுக்கும் அனுமதி எடுக்கோணும், 1915ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடதான் இரிக்கி. விக்கப் போகக்குள்ள, லோனுக்குப் போகக்குள்ள அனுமதிச்ச ப்ளான், அதுப்படிதான் கட்டியிருக்கெண்டு சபை குடுக்கிற இணக்கச் சான்றிதழ் எண்டு கேக்கத்தான் ஆக்களுக்கு விளங்கும்.

கடைசியில சீலிங்கைக் கழட்டி வயரைச் சுவரோட கேசிங்ல விட்டு, பேனைச் சுவர்ப் பேனாக்கி, பின் சுவரை உடைச்சு யன்னல் வெச்சம். இப்ப 7 அடி 7, மீற்றர்ல 2.31. லண்டன் மகனுக்குச் சந்தோசம். அம்மா மத்தியானத்துல இன்னும் விறாந்தையிலதான் படுக்கிறாங்க.