பழைய தங்கத்தை தேய்ச்சு பளபளப்பாக்காதீங்க, ப்ளீஸ்

நான் பழங்கால உலோகப் பொருட்களை டெஸ்ட் பண்ணி பாதுகாக்குற வேலையில இருக்கேன். பழைய நகைன்னு ஒண்ணு வந்தா கொண்டு வர்றவங்க முதல்ல கேக்குறது "எத்தனை கேரட் தேறும்?"தான், நான் கேக்குறது "இது எங்க கிடைச்சுது, பக்கத்துல வேற என்ன இருந்துச்சு?". முக்காவாசி நேரம் இதுக்கு பதிலே வராது, எனக்கு மனசு கெடுறது அங்கதான்.

கம்போடியாவுல ப்ரே வெங் மாகாணத்துல ப்ரோஹியர்னு ஒரு கிராமம். 2007ல அங்க ஜனங்க வீட்டைச் சுத்தி தோண்ட ஆரம்பிச்சாங்க, கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முந்தைய புதைகுழிகள், அதாவது அங்கோர் வாட் கோயில் கட்டுறதுக்கு ஆயிரம் வருஷம் முன்னாடி, உள்ள தங்கம், வெள்ளி, மணிகள்னு வர வர எல்லாம் வியாபாரிங்க கைக்கு போயிடுச்சு. அந்த ஜனங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன், இல்லாத கொடுமை அது, வாங்குறவன் இருந்ததாலதான் தோண்டுனாங்க. அப்புறம் ஜெர்மனி, கம்போடியா ஆய்வாளர்கள் சேர்ந்து போனப்ப ஊர் ரோட்டுக்கு அடியில இருந்த பகுதி கலையாம தப்பிச்சிருந்துச்சு. அந்த துண்டு நிலத்துல இருந்துதான் எந்த எலும்புக்கூட்டோட எந்த நகை இருந்துச்சு, வெண்கல முரசுக்குள்ள ஒருத்தரோட தலையை வச்சு புதைச்சிருக்காங்க, இப்படி எல்லாமே தெரிய வந்துச்சு.

இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு பாருங்க. டக்ளஸ் லாட்ச்ஃபோர்டுன்னு ஒரு பிரிட்டிஷ் சேகரிப்பாளர், கம்போடியாவோட பழைய கெமர் சாம்ராஜ்ய சிலைகளை கடத்தி வித்ததா 2019ல அமெரிக்காவுல கேஸ் போட்டாங்க, விசாரணை நடக்குறதுக்குள்ள 2020ல இறந்துட்டாரு. அவர் குடும்பம் திருப்பிக் கொடுத்ததுல கிரீடம், ஒட்டியாணம், கழுத்தணி, தோடுன்னு 77 நகைங்க லண்டன்ல இருந்து 2023ல கம்போடியாவுக்கு வந்து சேந்துச்சு. எனக்கு ரொம்ப சந்தோஷம்தான். ஆனா திருட்டுத்தனமா தோண்டி எடுத்த நகைக்கு எந்த கோயில், எந்த குழின்னு யார் எழுதி வச்சிருக்கப் போறா?

மெஷின்ல வச்சா தெரிஞ்சிடாதான்னு கேப்பீங்க. நகைக்கடையில கேரட் பாக்குற அதே எக்ஸ்ரே மெஷின் மாதிரிதான் நாங்களும் வச்சிருக்கோம், ஆனா அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். பழைய தங்கத்துல வெள்ளியும் செம்பும் கலந்திருக்கும், பல நூறு வருஷம் மண்ணுல கிடந்தா மேல இருக்குற வெள்ளி, செம்பு கரைஞ்சு போய் தங்கம் மட்டும் தூக்கலா நிக்கும், அதனால மெஷின் கேரட்டை நிஜத்தை விட கூட காட்டும். வயசும் தங்கத்துல இருந்து நேரா வராது, அதுல கார்பனே கிடையாது. கூட கிடைச்ச கரி, எலும்பு, பானை ஓடு, இதுங்கதான் காலத்தை சொல்லணும்.

அதனால அங்கோர் வாட் பக்கத்துல இருக்குற சியெம் ரீப் ஊருக்கு டூர் போறவங்க கிட்ட நான் கெஞ்சி கேக்குறது, யாராவது தனியா கூப்பிட்டு "இது நிஜமாவே பழசு"ன்னு ஒரு மோதிரத்தை நீட்டுனா வாங்காதீங்க. போலியா இருந்தா காசு போச்சு, நிஜமா இருந்தா ஒரு புதைகுழி போச்சு, 1996லயே அங்க பாரம்பரியச் சொத்து பாதுகாப்புச் சட்டம் வேற இருக்கு.

ஏற்கனவே வீட்டுல அப்படி ஒண்ணு இருந்தா புளி, சோப்பு, பிரஷ் எதுவும் வேணாம், தேய்ச்சா அதுல ஒட்டியிருக்குற தடயமும் போயிடும். ஒரு டப்பாவுல பஞ்சு போட்டு அப்படியே வச்சு மியூசியத்துக்கு எடுத்துட்டு போங்க, உள்ளீடு இல்லாத மணி ஓட்டையில ஒட்டிக்கிட்டு இருக்குற அந்த துளி மண்ணையும் சேத்து.