நான்கு ஸ்விட்ச், எட்டுத் திசை

ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ விளையாட்டில் ரியூ என்ற பாத்திரம் எம்பிக் குத்தும் அடிக்கு ஷோர்யூகென் என்று பெயர். லீவரை முன்னே தள்ளி, கீழே இறக்கி, முன்னும் கீழும் சேரும் மூலைக்குக் கொண்டுபோய்க் குத்துப் பட்டனை அழுத்த வேண்டும். லீவரும் பட்டன்களும் பொருத்திய பெட்டியான ஆர்கேட் ஸ்டிக்குக்கு மாறிய புதிதில் எனக்கு இந்த அடி பத்துக்கு நாலு முறைதான் வந்தது. பயிற்சித் திரையில் வரிசையாகப் பதிவாகும் அம்புக்குறிகளைப் பார்த்தேன். முன் இருந்தது, கீழ் இருந்தது, கடைசி மூலை மட்டும் இல்லை. கை அங்கே போனது என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். சரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பெட்டியின் அடித்தகட்டைக் கழற்றினேன்.

எட்டுத் திசையில் ஓடும் லீவருக்கு உள்ளே இருந்தவை நான்கே ஸ்விட்சுகள். மேல், கீழ், இடம், வலம், அவ்வளவுதான். தண்டு நடுவில் ஒரு கிண்ணத்தில் தாங்கி நிற்கிறது. மேலே குமிழை வலப்பக்கம் தள்ளினால், சீசா பலகை மாதிரி, அடிமுனை இடப்பக்கம் நகர்கிறது. அந்த அடிமுனையில் மாட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் உருளைதான் ஆக்சுவேட்டர். அது போய் ஸ்விட்சை அழுத்துகிறது. மூலைக்கென்று தனி ஸ்விட்ச் கிடையாது. 'கீழ்', 'முன்' இரண்டும் ஒரே நேரத்தில் அழுந்தியிருந்தால், அதை விளையாட்டு மூலை என்று படித்துக்கொள்கிறது.

இந்த ஸ்விட்சுகளின் பெயர் மைக்ரோஸ்விட்ச். அமெரிக்காவின் ஃப்ரீபோர்ட் நகரில் மெக்கால் என்பவர் 1932-இல் உருவாக்கியது. உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு விறைப்பாக வளைந்து நிற்கும். அழுத்த அழுத்த, கொஞ்ச தூரம் வரை ஒன்றும் நடக்காது. குறிப்பிட்ட புள்ளியைத் தாண்டியதும் தகடு ஒரே தாவலில் மறுபக்கம் பாய்ந்து மின்சுற்றை மூடும். 'டிக்' என்று கேட்கும் சத்தம் அதுதான். கை மெதுவாக வந்தாலும் வேகமாக வந்தாலும் தாவல் நடப்பது ஒரே புள்ளியில். ஒரு அடியை ஆயிரம் முறை ஒரே மாதிரி போட வேண்டியவருக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்?

இப்போது இரண்டு தூரங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து எவ்வளவு சாய்த்தால் ஸ்விட்ச் பிடிக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு சாய்த்தால் தண்டு சுவரில் முட்டி நிற்கிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை வீச்சு என்று சொல்லலாம். அந்தச் சுவரின் பெயர் கேட். லீவரின் அடியில் மாட்டியிருக்கும், நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தகடு அது. ஓட்டை சதுரமாக இருக்கலாம், எண்கோணமாக இருக்கலாம், வட்டமாகவும் இருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் கேட்தான் திசையைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். திசையைச் சொல்வது ஸ்விட்ச். கேட்டின் வேலை தண்டை நிறுத்துவது மட்டுமே.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீச்சு 10 அளவு, ஸ்விட்ச் பிடிக்கும் தூரம் 5 அளவு என்று வைத்துக்கொள்வோம். சதுர கேட்டில் ஒவ்வொரு சுவரின் நீளமும் 20. சுவரை ஒட்டியே தண்டைச் சுற்றினால், ஒரு சுவரின் நடுப்பகுதி 10 அளவு நேர்த்திசை. இரு ஓரத்திலும் 5, 5 அளவு மூலைத்திசை. அடுத்த சுவரின் ஓரத்தோடு சேர்ந்தால் ஒரு மூலைக்கு மொத்தம் 10. ஆக, எட்டுத் திசைக்கும் சுவரில் சமமான பங்கு! எண்கோண கேட்டைவிடச் சதுரம் ஏன் பலருக்குக் கைகொடுக்கிறது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதே அளவில் வட்ட கேட்டை மாட்டினால் கதை மாறுகிறது. இரண்டு ஸ்விட்சும் சேர்ந்து பிடிக்க வேண்டுமானால் தண்டு 30 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூலைக்கு 30 பாகை, நேர்த்திசைக்கு 60 பாகை. மூலை பாதியாகச் சுருங்கிவிடுகிறது. எண்கோணம் கிட்டத்தட்ட வட்டத்தின் தம்பி என்பதால் அதிலும் மூலை ஒடுங்கித்தான் கிடக்கும். எட்டுப் பள்ளமும் கைக்குத் தட்டுப்படுவதால் சுகமாக இருக்கும். ஆனால் அந்தச் சுகத்தில் மூலை பெரிதாவதில்லை. வட்டத்தில் எட்டுத் திசையும் சமமாக வேண்டுமானால் ஸ்விட்ச் 5-க்குப் பதிலாக ஏறக்குறைய 3.8-லேயே பிடிக்க வேண்டும்.

என் ஷோர்யூகென் எங்கே தொலைந்தது என்பதும் இதே கணக்கில் கிடைத்தது. நான் சுவர் வரை போகாமல் நடுவிலேயே சின்ன வட்டமாகச் சுற்றியிருக்கிறேன். ஸ்விட்ச் 5-இல் பிடிக்கிறது என்றால், சரியாக 45 பாகையில் சாய்க்கும்போது 7.07 அளவு தள்ளினால்தான் இரண்டும் சேர்ந்து பிடிக்கும். கை 6 அளவிலேயே சுற்றினால் கீழ் பிடிக்கும், முன் பிடிக்கும், நடுவில் எதுவுமே பிடிக்காத ஒரு வெற்றிடம் வரும். கை மூலையைத் தாண்டிப் போயிருக்கும், ஸ்விட்சுக்கு அது தெரியவே தெரியாது.

இதற்கு இரண்டு வழி. கையை இன்னும் வெளியே ஓட்டப் பழகலாம். இல்லையென்றால் ஆக்சுவேட்டரைக் கொஞ்சம் பருமனானதாக மாற்றலாம். உருளை பருமனானால் ஸ்விட்சை முன்னதாகவே தொடும். பிடிக்கும் தூரம் 5-இலிருந்து 4 ஆனால், மூலைக்கு 5.66 அளவே போதும். ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு செய்யும் வேலை இது. ஆனால் நடுவில் எதுவும் பிடிக்காத இடமும் சேர்ந்தே சுருங்குகிறது. வேண்டாத திசை தற்செயலாகப் பதிவாகும் வாய்ப்பு கூடுகிறது.

எப்படி என்று பார்க்க, லீவர் நடுவுக்குத் திரும்பும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய லீவர்களில், உதாரணமாகச் சான்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப், செய்மிட்சு நிறுவனத்தின் எல்எஸ்-32 போன்றவற்றில், தண்டைச் சுற்றி ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். பின்னால் இழுத்த லீவரைச் சட்டென்று விட்டால், ஸ்பிரிங் அதை நடுவுக்குத் தள்ளும். வந்த வேகத்தில் தண்டு நடுவைத் தாண்டி எதிர்ப்பக்கம் கொஞ்சம் போய்த்தான் திரும்பும். ஊஞ்சல் நடுவிலேயே நிற்காதது போலத்தான். அந்த 'கொஞ்சம்' ஸ்விட்ச் பிடிக்கும் தூரத்துக்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. பருமனான ஆக்சுவேட்டர் போட்டு அந்தத் தூரத்தைக் குறைத்திருந்தால், நீங்கள் கேட்காத 'முன்' ஒன்று பதிவாகிவிடும். லீவரைப் பின்பக்கம் பிடித்து எதிராளியின் அடியைத் தடுத்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய ஆபத்து. அதனால் லீவரை விட்டுவிடாமல் விரலோடு நடுவுக்குக் கொண்டுவரும் பழக்கம் நல்லது.

கொரிய லீவர்களில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. தடித்த ரப்பர் வளையம் ஒன்று தண்டைக் கவ்விப் பிடித்திருக்கும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் ரப்பர் நசுங்கி எதிர்க்கும். விட்டதும் திருப்பித் தள்ளும், ஆனால் வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை உள்ளேயே வெப்பமாக விட்டுவிடும். ஆகவே தண்டு ஆடாமல் அடங்கி நிற்கும். டெக்கன் என்ற சண்டை விளையாட்டை ஆடுகிறவர்கள் இந்த லீவரை விரும்ப இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அந்த விளையாட்டில் பின்னால் தாவித் தாவி விலகும் கொரிய பேக்டேஷுக்குப் பின், நடு, பின், கீழ்-பின் என்று லீவர் சுத்தமாக நின்று நின்று போக வேண்டும். நடு என்பது அங்கே ஒரு திசைக்குச் சமம்.

எந்த வகை உசத்தி என்று கேட்டால், ஆடும் விளையாட்டையும் பிடிக்கும் பிடியையும் பார்க்காமல் சொல்ல முடியாது. தண்டை விரல்களுக்கு நடுவில் விட்டு, உள்ளங்கையைக் கீழே வைத்துக் கோப்பை ஏந்துவது போல் பிடிப்பவர்களுக்கு 35 மில்லிமீட்டர் உருண்டைக் குமிழ் சுகம். முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு மட்டை வடிவக் குமிழ் தோதுப்படும். ஜேஎல்எஃப் தண்டின் அடியில் ஸ்குரூடிரைவர் பொருந்தும் பள்ளம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மேலே குமிழைத் திருகினால் கழன்றுவிடும். செலவு குறைவான முதல் மாற்றம் இது. ஸ்பிரிங்கை மாற்றுவது அடுத்தது. விறைப்பான ஸ்பிரிங் லீவரை வேகமாக நடுவுக்குக் கொண்டுவரும், கூடவே மணிக்கட்டையும் சீக்கிரம் சோர வைக்கும். ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்காமல் ஸ்பிரிங்கைப் பற்றி முடிவெடுக்காதீர்கள்.

பட்டன்களில் இவ்வளவு சிக்கல் இல்லை. குத்து, உதைக்கான ஜப்பானிய பட்டன்கள் 30 மில்லிமீட்டர், ஸ்டார்ட் போன்றவை 24 மில்லிமீட்டர். சான்வா பட்டன் விரல் பட்டதும் இறங்கிவிடும். தெரியாமல் அழுந்துகிறது என்றால் கொஞ்சம் எதிர்ப்புத் தரும் செய்மிட்சு பட்டனைப் போட்டுப் பார்க்கலாம். மெல்லிய தகட்டில் அழுத்தி மாட்டும் வகை போதும். தடித்த மரப்பலகை என்றால் மரை வைத்து முறுக்கும் வகைதான் நிற்கும்.

பட்டனிலிருந்தும் லீவரிலிருந்தும் கம்பிகள் சர்க்யூட் பலகைக்குப் போகின்றன. பலகையின் ஒவ்வொரு முனையும் சாதாரண நிலையில் சிறு மின்னழுத்தத்தில் நிற்கும். ஸ்விட்ச் மூடினால் அது தரைக்கம்பியோடு (கிரவுண்ட்) இணைந்து சுழியாகும். அந்த வீழ்ச்சியைப் பலகை 'அழுத்தினார்' என்று படிக்கும். தரைக்கம்பி எல்லாவற்றுக்கும் பொது என்பதால் ஒரே கம்பியைப் பட்டனுக்குப் பட்டன் தாவவிட்டு இழுப்பார்கள். அது நடுவில் ஓரிடத்தில் விட்டுப்போனால் அதற்கப்புறம் உள்ள பட்டன்கள் மொத்தமாக அடங்கிவிடும். நாலு பட்டன் ஒன்றாகச் செத்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கம்பியைத்தான்.

வேகமும் இங்கேதான் தீர்மானமாகிறது. பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 படம் ஓட்டுகின்றன. ஒரு படத்துக்கு 16.67 மில்லிநொடி. யுஎஸ்பி வழியாக நொடிக்கு 125 முறை விசாரிக்கப்படும் பலகையில் ஒரு அழுத்தம் 8 மில்லிநொடி வரை காத்திருக்க நேரலாம். அது அரைப் படம். நொடிக்கு 1000 முறை என்றால் காத்திருப்பு 1 மில்லிநொடிக்குள் முடிந்துவிடும். பழைய ஸ்டிக்கின் லீவர் நன்றாக இருந்து பலகை மட்டும் மந்தமாக இருந்தால், பலகையை மட்டும் மாற்றினால் போதும். ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சிறு சர்க்யூட் பலகையில் ஓடும் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மென்பொருள் இந்த வேலையைப் பலருக்கும் எட்டும்படி செய்திருக்கிறது.

லீவரே இல்லாமல் நான்கு திசைக்கும் பட்டன் வைத்த பெட்டிகளும் இருக்கின்றன. தண்டு சாயும் தூரமே இல்லை, மூலைக்கு இரண்டு விரல் போதும். ஒரு புதுச் சிக்கல் மட்டும் வருகிறது: இடமும் வலமும் ஒன்றாக அழுந்தலாம். லீவரால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் சாய முடியாது, பட்டனால் முடியும். அதை நடுவாகக் கொள்வதா, கடைசியாக அழுத்தியதை எடுத்துக்கொள்வதா என்று பலகைக்குச் சொல்லிவைக்க வேண்டும். போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் போட்டியின் விதியைப் படித்துவிட்டே அமைக்க வேண்டும்.

நான் லீவரோடுதான் இருக்கிறேன். எண்கோண கேட் ஒன்றை வாங்கி மாட்டிப் பார்த்தேன், மூலை இன்னும் மோசமானது, கழற்றிவிட்டேன். சதுரத்துக்குத் திரும்பி, ஆக்சுவேட்டரை மட்டும் ஒரு படி பருமனாக்கி, இரண்டு வாரம் வேறு எதையும் தொடவில்லை. ஒரே நேரத்தில் ஸ்பிரிங்கையும் மாற்றியிருந்தால் எது உதவியது என்று தெரிந்திருக்காது. இப்போது பயிற்சித் திரையில் அந்த மூன்றாவது அம்புக்குறி வருகிறது.

நீங்களும் ஆக்சுவேட்டரைக் கழற்றப் போகிறீர்கள் என்றால், தண்டின் அடியில் இருக்கும் ஈ வடிவ உலோக வளையத்தை நெம்பும்போது மேலே ஒரு விரலை வைத்து மூடிக்கொள்ளுங்கள், தெறித்து ஓடும். திரும்ப மாட்டும்போது தண்டு தாங்கும் கிண்ணத்தில் துளி சிலிகான் கிரீஸ் போதும், ஸ்விட்சுக்குள் ஒன்றும் போகக்கூடாது. அடித்தகட்டை மூடுவதற்கு முன் கம்பியை இணைத்து எட்டுத் திசையும் திரையில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.