கொத்தடிமையாக இருந்த பிள்ளை மீட்கப்பட்டால் என்னென்ன கிடைக்க வேண்டும்?

அட்வான்ஸ் கடனுக்காகப் பிள்ளைகளைச் செங்கல் சூளையிலும் ஆட்டுக்கிடையிலும் வேலைக்கு வைத்திருந்து, அதிகாரிகள் போய் மீட்ட செய்தியை அவ்வப்போது படிக்கிறோம். சரி, அப்புறம்? சட்டப்படி அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது, கொத்தடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டதற்கான விடுதலைச் சான்றிதழ். கோட்டாட்சியரோ ஆட்சியரோ விசாரித்துக் கொடுப்பார்கள். வெறும் ‘குழந்தைத் தொழிலாளர்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், கொத்தடிமைகளுக்கான மறுவாழ்வுப் பணத்தைக் கேட்க வழி இருக்காது. அதனால் இந்தத் தாளை விட்டுவிடக் கூடாது. வாங்கிய முன்பணத்தைப் பற்றிக் குடும்பம் பயப்பட வேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே ரத்து செய்துவிட்டது. ரத்தான கடனுக்கு ஒரு ரூபாய் வாங்கினாலும் மூன்றாண்டு வரை சிறை. ‘இது கொத்தடிமைக் கடன் இல்லை’ என்று முதலாளி சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே.

மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டப்படி உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம். வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது. முழுத் தொகை குழந்தைகளுக்கு 2 லட்சம். பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு 3 லட்சம். சிக்கல் இங்கேதான். முழுத் தொகை கைக்கு வருவது வழக்கின் முடிவைப் பொறுத்தது. நம் ஊரில் ஒரு வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று சொல்லவா வேண்டும்? தீர்ப்பு வரவில்லை என்றாலும், கொத்தடிமையாக இருந்ததற்கு முகாந்திரம் இருப்பதாக மாவட்ட நிர்வாகம் முடிவுக்கு வந்துவிட்டால், நிதிக்கான கோரிக்கையை அனுப்பாமல் நிறுத்தி வைக்கக் கூடாது என்று திட்டத்திலேயே இருக்கிறது. அலுவலகத்தில் கையை விரித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

மீட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். வேலைக்கு அனுப்பிவைத்தவர்களே சொந்தக்காரர்களாக இருக்கும்போது வீடு பாதுகாப்பானதா என்று பார்க்காமல் ஒப்படைப்பது ஆபத்து. வீட்டிலேயே வளரும் பிள்ளைக்கு, தகுதி இருந்தால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வருபவர்களுக்கும் 21 வயது வரை பின்பராமரிப்பு உண்டு.

பள்ளியில் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. 14 வயதைத் தாண்டிவிட்டாலும் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை கட்டணம் கிடையாது.

குற்ற வழக்கில் ஆள்கடத்தல் பிரிவு, அதாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 143, சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு போவது மட்டுமல்ல, சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ ஆசை காட்டியோ வேலைக்குச் சேர்ப்பதும் இதில் அடங்கும். குழந்தையைக் கடத்தியிருந்தால் குறைந்தது பத்தாண்டு சிறை. ‘அவனே விரும்பித்தான் வந்தான்’ என்ற பேச்சு இதில் எடுபடாது. கடத்தலுக்கு ஆளானவருக்கு, குடும்ப வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு, அதற்கு அழைக்க வேண்டிய எண் 15100. எங்காவது ஒரு பிள்ளை இப்படிச் சிக்கியிருப்பது தெரிந்தால், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.